போகச் சொன்ன இடமும் போய்ச் சேர்ந்த இடமும்

எங்கள் வீடு ரங்கூன் நடுநகரில், ஐந்தாவது மாடியில். லிஃப்ட் கிடையாது. பால்கனியிலிருந்து தெருவரைக்கும் ஒரு நைலான் கயிறு தொங்கும். கீழ்முனையில் ஒரு கிளிப், மேல்முனையில் கோயில் மணி மாதிரி ஒரு குட்டி மணி. பேப்பர் போடுகிறவர் கிளிப்பில் பேப்பரை மாட்டிக் கயிற்றை இழுப்பார். மேலே மணி அடிக்கும். அப்பா கயிற்றைச் சுருட்டி எடுப்பார். யாராவது வந்தால் வாசல் சாவியை அதே கிளிப்பில் மாட்டி இறக்குவோம். இங்கே பழைய கட்டடங்களில் பாதி வீடுகளுக்கு இதுதான் காலிங்பெல், இதுதான் தபால்பெட்டி.

மூன்று மாதமாக ஓர் ஆவணம் எழுதிக்கொண்டிருக்கிறேன். அது ஒரு வழிக்கு வந்ததில் இந்தக் கயிற்றுக்கும் பங்கு உண்டு, மோல்மேன் என்கிற ஊருக்குப் போகும் பஸ்ஸுக்கும் பங்கு உண்டு.

என் வேலை மென்பொருளுக்குக் கையேடு எழுதுவது. சிங்கப்பூரில் இருக்கிற ஒரு சின்ன நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே எழுதித் தருகிறேன். முன்பெல்லாம் கணக்கு எழுதுகிற மென்பொருள், கடைக்கு பில் போடுகிற மென்பொருள். இந்த முறை வந்தது ஏஐ ஏஜென்ட்டுக்கான ஒரு கருவி: பிரவுசரைத் திறந்து, கொடுத்த முகவரிக்குப் போய், அங்கே என்ன இருக்கிறது என்று திருப்பிச் சொல்வது. பெயர் நேவிகேட். உள்ளே ஓடுவது மைக்ரோசாஃப்ட் 2020-இல் வெளியிட்ட பிளேரைட், பிரவுசரை நிரலால் இயக்குகிற ஒரு நிரல் தொகுப்பு. கருவியை எழுதிய பையன் மதுரைக்காரன், சிங்கப்பூரில் இருக்கிறான். என்னை அக்கா என்பான், நான் தம்பி என்பேன். இதுவரை நேரில் பார்த்ததில்லை.

ஏஜென்ட் என்றால் ஏதோ பெரிய சமாச்சாரம் போலத் தோன்றும். அதன் மூளையாக இருக்கிற மொழி மாடல், அதாவது எழுத்தைப் படித்து எழுத்தில் பதில் தரும் ஏஐ, தானாக எங்கேயும் போகாது. அதனிடம் சில கருவிகளின் பட்டியலைக் கொடுக்கிறோம். ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெயர், ஒரு விளக்கம், என்னென்ன கொடுக்க வேண்டும் என்று ஜேசன் (JSON) என்கிற வடிவத்தில் ஒரு குறிப்பு. அவ்வளவுதான். உள்ளே இருக்கிற நிரல் அதன் கண்ணுக்குத் தெரியாது. விளக்கத்தைப் படித்துவிட்டு, ‘இப்போது இந்தக் கருவியை இந்த முகவரியோடு கூப்பிடு’ என்று எழுதித் தரும். நம் நிரல் அதைச் செய்துவிட்டு விடையைக் கொடுக்கும். 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் என்கிற ஏஐ நிறுவனம் எம்சிபி என்ற பொது நெறிமுறையை வெளியிட்ட பிறகு, இப்படிக் கருவிகளை எழுதி அதை ஏற்கிற எந்த ஏஜென்ட்டோடும் இணைப்பது எளிதாகிவிட்டது.

ஆக, நான் எழுதும் அந்தச் சில வரிகளைப் படிக்கப்போகிறவர் மனிதர் இல்லை. முதல் வாரம் இது எனக்கு உறைக்கவே இல்லை.

மனிதர்கள் கையேட்டைப் படிப்பதில்லை. எனக்கு அது பழகிப்போன துக்கம். பொத்தானை அழுத்திப் பார்ப்பார்கள், வேலை செய்யாவிட்டால் போன் போட்டுத் திட்டுவார்கள். மாடல் அப்படி இல்லை. ஒவ்வொரு முறையும் முழுக்கப் படிக்கும். படித்ததை அப்படியே நம்பும். சந்தேகம் வந்தாலும் என்னைக் கூப்பிட்டுக் கேட்காது. இன்னொன்று: அந்த விளக்கம் ஒவ்வொரு சுற்றிலும் உரையாடலோடு சேர்ந்தே போகிறது, அதற்கும் டோக்கன் கணக்கு உண்டு (மாடல் எழுத்தை உடைத்துப் படிக்கிற சொல்துண்டுதான் டோக்கன்). எனவே பக்கம் பக்கமாகவும் எழுத முடியாது. கல்யாணப் பத்திரிகை போல, இடம் கொஞ்சம், சொல்ல வேண்டியது நிறைய, ஒரு பெயர் விட்டுப்போனாலும் வம்பு.

நான் முதலில் எழுதியது ஏறக்குறைய இப்படி இருந்தது. மூலம் ஆங்கிலம், சாரத்தைத் தமிழில் தருகிறேன்:

‘கொடுக்கப்பட்ட முகவரிக்குப் பிரவுசரைக் கொண்டுசெல்லும். பக்கம் முழுதும் ஏறியதும் அதன் உள்ளடக்கத்தைத் திருப்பித் தரும்.’

இரண்டே வரி. எனக்கு ரொம்பத் திருப்தி. தம்பியும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான்.

அந்த வாரம்தான் அப்பா மோல்மேன் போக வேண்டும் என்றார். அங்கே அத்தை வீட்டில் காதுகுத்து. ரங்கூனிலிருந்து பெகு, தட்டோன் வழியாகப் போகிற பஸ். சரி, சோதனைக்குச் சோதனையும் ஆச்சு, அப்பாவுக்கு வேலையும் ஆச்சு என்று, ஒரு டிக்கெட் தளத்தின் முகவரியைக் கொடுத்து, ‘வெள்ளிக்கிழமை மோல்மேனுக்கு என்னென்ன பஸ் இருக்கிறது, கட்டணம் எவ்வளவு’ என்று ஏஜென்ட்டைக் கேட்டேன். ஊர்ப் பெயரை இப்போதைய எழுத்தில் மௌலமியாங் என்றுதான் கொடுத்தேன். அது போனது, பார்த்தது, வந்து சொன்னது: ‘வெள்ளிக்கிழமை அந்த ஊருக்குப் பேருந்து எதுவும் இல்லை.’

அப்பா எட்டிப் பார்த்தார். “ஏம்மா, மோல்மேனுக்கு பஸ் இல்லாத நாள் ஒண்ணு இருக்கா? இதுக்கா உனக்குச் சம்பளம் தர்றாங்க?”

அதே முகவரியை நானே என் பிரவுசரில் திறந்தேன். மேலே தளத்தின் சின்னம் வந்தது, தேதிப் பெட்டி வந்தது, நடுவில் வெற்றிடம். நான் எழுந்துபோய் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். அப்புறம்தான் பஸ் பட்டியல் வந்து உட்கார்ந்தது. ஏழெட்டு பஸ்.

நடந்தது இதுதான். பிரவுசர் ‘லோட்’ என்று ஒரு நிகழ்வை அறிவிக்கும். பக்கத்தோடு கூடவே கேட்கப்பட்ட படம், ஸ்கிரிப்ட் என்கிற குட்டி நிரல், அலங்காரக் கோப்பு எல்லாம் வந்துவிட்டன என்று அதற்குப் பொருள். ஆனால் இன்றைய தளங்களில் அந்த ஸ்கிரிப்ட் வந்து சேர்ந்த பிறகுதான் அது போய் உண்மையான தகவலைக் கேட்கவே ஆரம்பிக்கும். எங்கள் கருவி லோட் அறிவிப்பைக் கேட்டதும் பக்கத்தைப் படம்பிடித்துத் திரும்பிவிட்டது. நானோ ‘முழுதும் ஏறியதும்’ என்று எழுதி வைத்திருந்தேன். மாடல் அதை நம்பியது. முழுதும் ஏறிய பக்கத்தில் பஸ் இல்லை என்றால், பஸ் இல்லை. அதன் தர்க்கத்தில் ஒரு குறையும் கிடையாது. பொய் சொன்னது என் வாக்கியம்.

அன்று சாயங்காலம் கீழே யாரோ கயிற்றை இழுத்தார்கள். மணி அடித்தது. அப்பா சாவியைத் தேடிக் கிளிப்பில் மாட்டி இறக்குவதற்குள் வந்தவர், வீட்டில் ஆள் இல்லை என்று நினைத்துக்கொண்டு போயேவிட்டார். தெருமுனையில் அவர் முதுகு மட்டும் தெரிந்தது. மணி அடித்தால் சத்தம் மேலே போனது என்றுதான் அர்த்தம், கதவு திறந்துவிட்டது என்று இல்லையே. லோட் நிகழ்வும் அந்த மணிதான் என்று எனக்கு அந்தப் பால்கனியில் நிற்கும்போதுதான் புரிந்தது.

தம்பிக்குச் செய்தி அனுப்பினேன். அவன் தன் பக்கம் ஓட்டிப் பார்த்துவிட்டு, “அக்கா, எனக்கு ஒரு செகண்டுல எல்லாம் வந்துடுதே” என்றான்.

“உனக்கு வரும்பா. எனக்குப் பதினேழு செகண்டு. அதுவும் கரண்ட் இருக்கும்போது.”

அவன் சொன்ன முதல் வழி, காத்திருக்கும் முறையை ‘நெட்வொர்க் ஐடில்’ என்று மாற்றுவது: அரை விநாடி நேரம், அதாவது 500 மில்லி விநாடி, எந்தப் போக்குவரத்தும் இல்லாவிட்டால் பக்கம் முடிந்தது என்று கொள்வது. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் விளம்பரமும் வேவு பார்க்கும் ஸ்கிரிப்டும் உள்ள தளங்கள் மூச்சுவிடாமல் எதையாவது அனுப்பிக்கொண்டே இருக்கும். அங்கே அரை விநாடி அமைதிகூடக் கிடைக்காமலே நேரம் முடிந்துவிடும். பிளேரைட் ஆவணமே இந்த முறையைப் பயன்படுத்த வேண்டாம் என்றுதான் சொல்கிறது. கடைசியில் கருவியை மாற்றவில்லை. என் வரியை மாற்றினோம். ‘லோட் அறிவிப்பு வந்ததும் திரும்பும்; அதன் பிறகும் பக்கத்தில் தகவல் வந்துகொண்டிருக்கலாம். எதிர்பார்த்தது காணாவிட்டால், இல்லை என்று முடிவு செய்யாதே. குறிப்பிட்ட சொல் தோன்றும்வரை காத்திருக்கும் கருவியைக் கூப்பிடு.’ மறுபடி ஓட்டியபோது ஏழு பஸ்ஸும் வந்தன.

நேரம் முடிவது பற்றி ஒரு தனிக் கதை. பிளேரைட்டில் இயல்பான கெடு 30 விநாடி. சிங்கப்பூரில் 30 விநாடி தாண்டினால் அந்தத் தளம் செத்துவிட்டது என்று பொருள். இங்கே 40 விநாடியில் வந்து நிற்கிற தளங்கள் உண்டு, எல்லாரும் பொறுமையாக அவற்றைத்தான் பயன்படுத்துகிறோம். கருவி 30-ஆவது விநாடியில் ‘நேரம் முடிந்தது’ என்று பிழையைத் திருப்பும். ஏஜென்ட் என்ன செய்யும்? நல்ல பிள்ளையாக மறுபடி அதே முகவரிக்குப் போகும். பிரவுசரோ அதற்குள் முக்கால்வாசிப் பக்கத்தை வாங்கியிருக்கும். கெடு முடிந்தால் கருவி காத்திருப்பதைத்தான் விடுகிறது, பிரவுசர் இழுப்பதை நிறுத்துவதில்லை. மறுபடி போகச் சொன்னதும் எல்லாவற்றையும் தூக்கிப்போட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கும். இப்படி நான்கு முறை அது திரும்பத் திரும்பப் போனதை உட்கார்ந்து பார்த்தேன். அடுப்பில் அரிசி வேகவில்லை என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கொட்டிவிட்டுப் புது அரிசி போடுவது மாதிரி. ‘நேரம் முடிந்தது என்ற பிழை வந்தால், மறுபடி போகும் முன் இப்போதைய பக்கத்தைப் படம்பிடித்துப் பார்’ என்று ஒரு வரி சேர்த்தேன். இந்தக் கையேட்டில் எனக்குப் பிடித்த வரி அதுதான். வேகமான ஊரில் இருக்கிற யாருக்கும் அதை எழுதத் தோன்றியிருக்காது.

வழிமாற்றம் என்கிற ரீடைரக்ட் விஷயத்துக்கு வருகிறேன்.

ரங்கூன் தமிழர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இன்னமும் மொகல் தெரு என்பார்கள்; பலகையில் ஷ்வே பொந்தா. டல்ஹௌசி தெரு என்பார்கள். பலகையில் மஹா பண்டூலா. பிரேசர் தெரு என்றால் அனவ்ரதா ரோடு, காளி கோயில் கோபுரம் நிற்கிற ரோடு. சில வருடங்களுக்கு முன் சென்னையிலிருந்து அம்மா வழியில் ஒரு பையன் வந்தான். தாத்தா காலத்துக் கடித உறையிலிருந்த விலாசத்தைக் கையில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறான். வயதான டாக்சிக்காரர், பிரேசர் என்றதும் சரியாகக் கொண்டுவந்து இறக்கிவிட்டார். பையன் பலகையைப் படித்துவிட்டுப் பதறிப்போய் போன் செய்தான்: “மாமா, தப்பா இறக்கி விட்டுட்டான், இது வேற ஏதோ ரோடு.” சரியான இடத்தில் நின்றுகொண்டுதான் பேசினான். எங்கள் பால்கனியிலிருந்து அவன் தலை தெரிந்தது.

இணையத்தில் ஒரு முகவரி 301 என்று பதில் சொன்னால் நிரந்தரமாக இடம் மாறிவிட்டது, 302 என்றால் தற்காலிகமாக என்று பொருள். பிரவுசர் சத்தமில்லாமல் புது இடத்துக்குப் போய்விடும். கருவி அதைச் சொல்லாவிட்டால் ஏஜென்ட் தான் கேட்ட இடத்திலேயே நிற்பதாக நினைத்துக்கொள்ளும். பெரும்பாலும் அதனால் கெடுதல் இல்லை. ஆனால் கணக்கு விவரப் பக்கத்தைக் கேட்டு, லாகின் பக்கத்தில் போய் விழுந்தால்? நிலைக் குறியீடு 200 என்றுதான் வரும், எல்லாம் சுபம் மாதிரி. ‘உங்கள் கணக்கில் எந்த விவரமும் இல்லை’ என்று ஏஜென்ட் சொல்லும். அதனால் கருவி திருப்பித் தருவதில் இரண்டு முகவரிகளையும் கேட்டு வாங்கினேன்: போகச் சொன்னது, போய்ச் சேர்ந்தது. தம்பி முதலில் தயங்கினான், ஒரு வரி கூடுகிறது என்று. “வழி கேட்டவனுக்கு எங்கே நிக்கிறான்னு சொல்லாம வழி மட்டும் சொல்லுவியாப்பா?” என்றேன். மறுநாள் சேர்த்துவிட்டான். இரண்டும் வேறு வேறு டொமெயினாக இருந்தால் பயனரிடம் சொல்லிவிட்டு மேலே போ என்பதையும் விளக்கத்தில் எழுதினேன்.

404 பற்றியும் இதே போலத்தான். பக்கம் இல்லை என்று சர்வர் சொன்னாலும் பிளேரைட் அதைப் பிழையாக எறியாது. ‘போனேன், வந்தேன்’ என்றுதான் திரும்பும். சர்வரிலேயே கோளாறு என்கிற 500 வந்தாலும் அப்படியே. எனவே நிலைக் குறியீட்டையும் விடையில் வைத்தோம்.

சின்னச் சின்னதாக இன்னும் சில இருந்தன. பழைய பக்கத்துக்குத் திரும்பும் கருவி, ஒற்றைப் பக்கச் செயலிகளில் (பக்கத்தை மாற்றாமல் உள்ளே இருப்பதை மட்டும் மாற்றிக் காட்டுகிற தளங்களில்) நீங்கள் நினைக்கிற இடத்துக்குத் திரும்பாமல் போகலாம். பணம் கட்டிய பக்கத்தை ரீலோட் செய்தால் படிவம் இரண்டாம் முறை போகலாம். உள்கணினிக் கோப்பு முகவரிகளை நிரலிலேயே தடுத்துவிட்டோம். இவையெல்லாம் ஆளுக்கொரு வரி.

எழுத்துருப் பிரச்சினைக்கு மட்டும் ஒரு முழு நாள் போனது. பர்மிய மொழிக்கு வெகுகாலம் ஸௌஜி என்ற எழுத்துருதான் ஊரெல்லாம். எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கிற பொதுத் தரமான யூனிகோடின் அதே எண்களை எடுத்துக்கொண்டு வேறு ஒழுங்கில் அடுக்குவது அது. 2019 அக்டோபர் 1 முதல் யூனிகோடுக்கு மாறுவதாக அரசு அறிவித்தது. புதிய தளங்கள் மாறிவிட்டன. பழைய பக்கங்கள் அப்படியே கிடக்கின்றன. நம் ஒற்றைக்கொம்பு போலவே பர்மியத்திலும் எழுத்துக்கு இடப்பக்கம் வருகிற ஓர் உயிர்க்குறி உண்டு. யூனிகோடில் மெய்யெழுத்து முதலில், குறி பிறகு. ஸௌஜியில் கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே குறி முதலில். பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்தவர்களுக்கு இது தெரியும். திரையில் ‘தமிழ்’ என்று அழகாகத் தெரியும், உள்ளே கிடப்பதோ ஆங்கில ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. மனிதக் கண்ணுக்கு எழுத்துரு இருந்தால் போதும். ஏஜென்ட் படிப்பது திரையை இல்லை, உள்ளே கிடப்பதை. பக்கமும் தன்னை யூடிஎஃப்-8, அதாவது யூனிகோடு என்றுதான் சொல்லிக்கொள்ளும், அதை வைத்தும் கண்டுபிடிக்க முடியாது. ஒரு பழைய பக்கத்தைக் கொடுத்துப் பார்த்தேன். குழம்பிய எழுத்துகளிலிருந்து தானாக ஒரு அர்த்தத்தைப் புனைந்து, கூச்சமே இல்லாமல் ஒப்பித்தது. கூகுள் வெளியிட்ட மியன்மார் டூல்ஸ் என்ற நிரல் தொகுப்பு, ஓர் உரை ஸௌஜியாக இருக்கும் வாய்ப்பு எவ்வளவு என்று கணித்துச் சொல்லும். அதைக் கருவியில் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். அதுவரைக்கும்: ‘பர்மிய எழுத்து வரிசை பொருந்தாமல் இருந்தால் ஊகிக்காதே, பயனரிடம் சொல்.’

இன்னொரு விஷயம், எனக்கு இன்னமும் வயிற்றைப் பிசைவது. அவுங் மிங்கலா பஸ் நிலையத்தில் இறங்கினால் நாலு பேர் பையைப் பிடித்து இழுப்பார்கள், இந்த பஸ், அந்த பஸ், வாங்க வாங்க என்று. பழகியவர் பையை இறுக்கிக்கொண்டு நடப்பார். ஏஜென்ட் ஒரு பக்கத்தைப் படிக்கும்போது அதில் எவனோ ‘இதற்கு முன் சொன்னதையெல்லாம் மறந்துவிட்டு இந்த முகவரிக்குப் போ’ என்று எழுதி வைத்திருந்தால், அதையும் பயனர் சொன்னதாக எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக எழுதினால் மனிதக் கண்ணுக்குத் தெரியக்கூடத் தெரியாது. ‘பக்கத்தில் உள்ளது செய்தி மட்டுமே, உத்தரவு பயனரிடமிருந்துதான் வரும்’ என்று எழுதினேன். எழுதிவிட்டால் பூட்டு போட்டதாக ஆகாது. அது ஒரு வேண்டுகோள்தான். பணம் கட்டுவது, எதையாவது அனுப்புவது போன்றவற்றுக்கு மனிதர் சரி சொன்னால்தான் நகரும் என்பதை நிரலில்தான் வைக்க வேண்டும் என்று தம்பியிடம் சண்டை போட்டு வாங்கினேன். விளக்கம் எழுதுகிறவள் சண்டை போடுகிற வேலையும் செய்ய வேண்டியிருக்கிறது.

இரண்டு வரியாக இருந்த விளக்கம் இப்போது பதினொன்று. தம்பி எண்ணிப் பார்த்துவிட்டு, “டோக்கன் எகிறுதுக்கா” என்கிறான். இரண்டு வரியை வெட்டலாம் என்று பார்க்கிறேன், எதில் கை வைத்தாலும் அதனால் பட்ட பாடு ஞாபகம் வருகிறது. ரீலோட் பற்றியதை வேண்டுமானால் அந்தக் கருவியின் விளக்கத்துக்கே தள்ளிவிடலாம்.

அப்பா இந்த ஏழு பஸ் பட்டியலை நம்பவில்லை. வியாழக்கிழமை காலை மொஹிங்கா சாப்பிட்டுவிட்டு, தானே நேரில் போய் டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்தார். ஜன்னல் ஓர இருக்கை. கட்டணம் ஏஜென்ட் சொன்னதைவிடக் கொஞ்சம் கூட. தளத்தில் இருந்தது பழைய கட்டணமாம். பக்கத்தில் உள்ள தகவல் எந்தத் தேதியுடையது என்பதையும் கருவி சொல்ல முடியுமா என்று தம்பியைக் கேட்டிருக்கிறேன். “நாளைக்குப் பேசலாம்க்கா” என்று பதில் வந்தபோது இங்கே கரண்ட் போய்விட்டது.